ராமேஸ்வரம் தீவு: பூநாரையும் பவளப்பாறையும் பார்க்கக் கொங்குப் பக்கமிருந்து கிளம்புகிறவர்களுக்கு

கேட்டிருப்பது இதுதான். பெருந்துறையிலிருந்து ஒரு குடும்பம் ராமேஸ்வரம் போக வேண்டும். கோயில் தரிசனம் முன்பே ஆகிவிட்டது. இந்தத் தடவை தனுஷ்கோடிப் பூநாரை, குருசடைத் தீவு, பவளப்பாறை, கடல் ஆமை இவற்றைப் பார்க்க ஆசை. கூட 8 வயதிலும் 12 வயதிலும் இரண்டு குழந்தைகள், முழங்கால் வலியுள்ள அம்மா. மே லீவில் போகலாமா, எத்தனை நாள் வேண்டும், எதை எப்போது பார்ப்பது?

மே மாசம் வேண்டாமுங்க. பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, மாசி முடிவதற்குள் போய்விட்டு வந்துவிடுங்க. ஜனவரி கடைசி வாரத்திலிருந்து மார்ச் முதல் வாரம் வரை நல்ல காலம். பள்ளிக்கூடம் இருக்குமே என்றால், ஒரு வெள்ளிக்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். இரண்டு ராத்திரி தங்கினால் போதும். ஆனால் தேதியை மட்டும் சொல்லி விட்டுவிட்டால் அடுத்த தடவை மறுபடியும் யாரையாவது கேட்க வேண்டி வரும். அந்தத் தீவில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை முடிவு செய்வது காத்துதான். அதனால் காத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தீவு மேற்கே பாம்பனில் அகலமாகத் தொடங்கி, கிழக்கே அரிச்சல்முனையில் வாலைப்போல மெலிந்து முடிகிறது. ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் நீளம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அங்கே கடலில் பிழைக்கிறவர்கள் வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வடக்கே ஆழம் குறைவு, அலை சின்னது. தெற்கே ஆழமும் அலையும் அதிகம். ஆனால் இந்தப் பெயரை நம்பி வருஷம் முழுக்க நடக்க முடியாது. மே பாதியிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் அடிக்கும், அதாவது தென்மேற்குக் காத்து. அப்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசியில் வாடை, அதாவது வடகிழக்குக் காத்து, திரும்பியதும் கதை தலைகீழ். வடகடல் கலங்கிப்போகும், தென்கடல் அடங்கும்.

குருசடை உட்படக் கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகள் அத்தனையும் தென்கடலில்தான் இருக்கின்றன. அதனால் கச்சான் காலத்தில் போனால் படகு விடமாட்டார்கள். விட்டாலும் தண்ணீர் கலங்கியிருக்கும், படகின் அடியிலுள்ள கண்ணாடி வழியாகப் பார்த்தால் சாம்பல் நிறப் புகைதான் தெரியும். வாடையின் முதல் பாதி, ஐப்பசியும் கார்த்திகையும், புயலும் மழையும் உள்ள காலம். மிஞ்சுவது தையும் மாசியும். பங்குனிக்கு மேல் வெயிலும் ஏறிவிடும், பூநாரையும் கிளம்பிவிடும்.

கச்சான் நமக்கு ஒன்றும் புதுசில்லை. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் காடுகளில் வீசி, ஆடியில் அம்மியையே பறக்க விடுவதாகச் சொல்கிறோமே, அதே பருவக்காத்துதான். கேத்தனூர், பூளவாடிப் பக்கம் மின்சாரக் காத்தாடிகளைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். இறக்கை காத்து வரும் திசையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும் விதமாகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். எல்லாம் மேற்கே முகத்தை வைத்துக்கொண்டு விறுவிறுவென்று சுத்தினால் தென்கடல் சரியில்லாத பருவம். கிழக்கே பார்த்துச் சோம்பலாகச் சுத்தினாலோ சும்மா நின்றாலோ குருசடைப் படகை நம்பிக் கிளம்பலாம். இது பருவத்துக்கான கணக்குதான். அன்றைய நாளுக்கு வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பார்ப்பதுதான் சரி.

செய்தியில் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாகச் சொல்வார்கள். 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 3, 4 என்றால் அந்தத் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரப்போகிறது. 5-க்கு மேல் ஆபத்து. சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு எந்த எண்ணாக இருந்தாலும் ஒரே அர்த்தம்தான், படகு கிடையாது. லாட்ஜுக்குக் கட்டிய முன்பணத்தை நினைத்து யோசிக்காமல் பயணத்தைத் தள்ளிப்போடுங்க.

மே மாசத்துக்கு வேறு குறையும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், விலையும் கூடும். அரிச்சல்முனையில் நிழலுக்கு ஒரு மரம் இல்லை. அம்மாவை அந்த வெயிலில் கூட்டிப்போவது சரியில்லை.

இன்னொன்று, ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளைத் தவிர்த்துவிடுங்க. தை அமாவாசை நான் சொன்ன நல்ல காலத்துக்குள்ளேயே வரலாம். அன்றைக்கு ஊருக்குள் வண்டி நகராது, தனுஷ்கோடி ரோட்டிலும் பஸ்ஸும் காரும் வரிசை கட்டி நிற்கும். காலண்டரைப் பார்த்து, அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் விட்டுவிடுங்க.

போகிற வழிக்கு வருகிறேன். பெருந்துறையிலிருந்து ஈரோடு, கரூர், திண்டுக்கல், மதுரை, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம், பாம்பன். கோயமுத்தூர், திருப்பூர்க்காரர்களுக்கு தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழி சுருக்கம். கோவையிலிருந்து 390 கிலோமீட்டர் அளவில் வரும், நின்று நிதானமாகப் போனால் எட்டு மணி நேரம். பரமக்குடி வரை ரோடு அகலம். அதைத் தாண்டியதும் சுருங்கிவிடும், எதிரே பஸ் வரும் வேகத்தைப் பார்த்து ஓட்டுங்க. கோயமுத்தூரிலிருந்து திருப்பூர், ஈரோடு வழியாக வாரம் ஒரு முறை ராமேஸ்வரத்துக்கு நேர் ரயில் உண்டு. அந்தக் கிழமை ஒத்துவந்தால் அம்மாவுக்கு அதுதான் சுகம்.

விடிகாலை மண்டபம் போய்ச் சேருகிற மாதிரி கிளம்பினால் பாம்பன் பாலத்தை வெளிச்சத்தில் பார்க்கலாம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் இப்போது ரயில் ஓடுவதில்லை. பக்கத்திலேயே செங்குத்தாகத் தூக்கும் 72.5 மீட்டர் நடுப்பகுதியோடு புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. ரோட்டுப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். எல்லோரும் செய்கிறார்கள், அதனால்தான் அங்கே நெரிசலும் இடிபாடும். இரு சக்கர வண்டியில் வருகிறவர்களுக்குப் பாலத்தின் நடுவில் பக்கவாட்டுக் காத்து திடீரென்று தள்ளும். லாரி ஒன்று காத்தை மறைத்து விலகும் அந்த நொடியில்தான் தடுமாறுவார்கள்.

முதல் நாள் கடலுக்குப் போக வேண்டாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பல வருஷம் அந்த நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. அங்குள்ள மீன் காட்சியகத்தையும் அருங்காட்சியகத்தையும் குழந்தைகளுக்கு நிதானமாகக் காட்டுங்க. கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் இவற்றைத் தொட்டிக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு படகில் இருக்கும்போது எதைத் தேடுகிறோம் என்று கண்ணுக்குத் தெரியும். பார்க்காமல் போகிற குழந்தை பத்தே நிமிஷத்தில் சலித்துவிடும்.

இன்னொரு தயாரிப்பு உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குப் பைனாகுலரோடு குழந்தைகளைக் கூட்டிப் போய்ப் பழக்குங்க. கண் இடைவெளியைச் சரி செய்வது, முதலில் வெறும் கண்ணால் பறவையைப் பிடித்துப் பார்வையை எடுக்காமலே கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவருவது, இந்த இரண்டும் வந்தால் போதும். வாடகைக்கோ விலைக்கோ எடுப்பதானால் 8 மடங்கு பெரிதாக்குவதை எடுங்க. 10 மடங்கு பெரிசாகக் காட்டும் என்பது உண்மைதான், ஆனால் தனுஷ்கோடிக் காத்தில் கை ஆடும்போது உருவமும் அதே அளவுக்கு ஆடும்.

வெள்ளோட்டில் சங்குவளை நாரையையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்க. அதன் பின்பக்கம் ரோஜா நிறத்தில் இருக்கும். இதைப் பார்த்துவிட்டுப் பூநாரை பார்த்ததாகச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். பூநாரை வேறு. கழுத்து பாம்புபோல மெல்லிசு, நின்றால் எட்டு வயதுக் குழந்தையின் உயரம், அலகு நடுவில் உடைத்து மடக்கிய மாதிரி கீழே வளைந்திருக்கும். நிற்கும்போது பார்த்தால் வெள்ளைதான், லேசாக ரோஜா. சிறகை விரித்தால்தான் உள்ளே இருக்கும் குங்குமச் சிவப்பும் ஓரத்துக் கறுப்பும் பளிச்சென்று தெரியும். சாம்பல் நிறத்தில் அழுக்காகத் தெரிவது இளசுகள். அந்தச் சிவப்பு தீனியிலிருந்து வருவது, உப்புத் தண்ணீர்ப் பாசியிலும் பொடி இறால்களிலும் உள்ள நிறமி சிறகில் ஏற வருஷக்கணக்காகும்.

இனி இரண்டாம் நாள், தனுஷ்கோடி. ராமேஸ்வரம் ஊரிலிருந்து அரிச்சல்முனை 20 கிலோமீட்டர் அளவு. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ஊரும், பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலும் அழிந்தன. அதற்குப் பிறகு முனை வரை தார் ரோடு வந்தது 2017-ல்தான். இப்போது கார், டவுன் பஸ் எல்லாம் கடைசி வரை போகும். பொதுவாக விடிந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். மாலை 5 மணிக்கு மேல் உள்ளே போக முடியாது, 6 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். பொழுதோட போய்க்கொள்ளலாம் என்று நினைத்துத் திரும்பி வந்தவர்கள் பலர்.

பறவைக்கு நேரமே கிளம்ப வேண்டும். திறந்ததும் உள்ளே போய்விடுங்க. ஆனால் நேராக முனைக்கு ஓடாதீங்க. கோதண்டராமர் கோயில் பிரியும் இடத்தைச் சுற்றியுள்ள ஆழமில்லாத உப்பங்கழிகளில்தான் பூநாரை மேயும். அங்கே முதலில் நில்லுங்க. முனையை எட்டு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கும் போகாது. 2025 ஜூன் மாதம் இந்தப் பகுதியில் 524.7 ஹெக்டேர் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதனால் ரோட்டை விட்டுக் கழிக்குள் இறங்குவது இப்போது வெறும் ஒழுக்கக் கேடு மட்டுமில்லை, சட்ட மீறலும்கூட. டாப்சிலிப்பில் வண்டியை விட்டு இறங்கிக் காட்டுக்குள் நடக்க மாட்டோம் அல்லவா, அதே மாதிரி நினைத்துக்கொள்ளுங்க.

எத்தனை பறவை இருக்கும் என்பது அந்த வருஷத்து மழையைப் பொறுத்தது. பூநாரை தலையைக் கவிழ்த்து அலகை மேல்கீழாகத் தண்ணீருக்குள் வைத்து, சேற்று நீரை உறிஞ்சி, அலகோரச் சல்லடையில் வடிகட்டித் தின்னும். காலால் சேற்றை மிதித்துக் கலக்கிக்கொண்டே நகரும். ஆகவே தண்ணீர் அதன் கால் மடிப்பளவுக்கு இருக்க வேண்டும். மழை அதிகமாகிக் கழி நிரம்பி நின்றால் அந்தப் பக்கம் வராது, வற்றினாலும் போய்விடும். முழங்கால் பின்பக்கமாக மடங்குகிறதே என்று குழந்தைகள் கேட்பார்கள். அது முழங்கால் இல்லை, கணுக்கால். முழங்கால் மேலே சிறகுக்குள் மறைந்திருக்கிறது.

எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதைப் பறவையே சொல்லும். மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டத்தில் ஓரத்தில் இருக்கும் நாலைந்து முதலில் தலையைத் தூக்கும். அது முதல் எச்சரிக்கை, அதே இடத்தில் நின்றுவிட வேண்டும். அடுத்து மொத்தக் கூட்டமும் தலையைத் தூக்கி, ஒரே திசையில், அணிவகுப்புபோல விறுவிறுவென்று நடக்கத் தொடங்கும். இதற்கு மேல் ஓரடி வைத்தாலும் எழும்பிவிடும். சிறகு விரியும் அழகைப் படம் எடுக்க வேண்டுமென்று கை தட்டியும் கல்லெறிந்தும் கிளப்புகிறவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிப் போவதற்காக உடம்பில் கொழுப்புச் சேர்க்கும் பறவை அது. ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் காலையில் தின்றதைச் செலவழிக்க வைக்கிறோம். தயவு செய்து செய்யாதீங்க, செய்கிறவர்களைப் பார்த்தால் குழந்தைகள் முன்னாலேயே சொல்லுங்க.

காரிலிருந்து பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் நல்லது. மனிதனின் நிற்கும் உருவத்துக்குத்தான் பறவை பயப்படும், நின்றுபோன வண்டியை அது கண்டுகொள்ளாது. அம்மாவும் இறங்க வேண்டியதில்லை. இன்ஜினை அணைத்து, காத்து வராத பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, கதவின் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதில் பைனாகுலரைத் தாங்கிக்கொண்டால் கை ஆடாது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி வண்டியை நிறுத்துங்க, எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். பூநாரையோடு நின்றுவிடாமல் கரையோரச் சேற்றில் ஓடும் உள்ளான்களையும், மணல் திட்டில் காத்தைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆலாக்களையும், மேலே வட்டமிடும் செம்பருந்தையும் பாருங்க.

வண்டியை ரோட்டை விட்டு மணலில் இறக்க வேண்டாம். மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும், உள்ளே ஈரச் சேறு. சக்கரம் சுத்தச் சுத்தக் குழி ஆழமாகும், கடைசியில் வண்டியின் அடிவயிறு தரை தட்டும். அப்படி மாட்டிக்கொண்டால் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்க. ஆட்களை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைச் சரிவாகத் தோண்டி, டயரில் பாதிக் காத்தை இறக்கி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முதல் கியரில் மெல்ல நகர்த்தினால் பெரும்பாலும் ஏறிவிடும். ஏறிய பிறகு அதே டயரோடு வேகமாகப் போகக் கூடாது.

அரிச்சல்முனையில் குளிக்கக் கூடாது. கால் நனைப்பதுகூட அலையின் ஓரத்தோடு நிற்க வேண்டும். இரண்டு கடலின் நீரோட்டமும் சேரும் இடத்தில் மணல் திட்டு நாளுக்கு நாள் இடம் மாறும். நேற்று இடுப்பளவு இருந்த இடத்தில் இன்றைக்கு ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும். காத்தே இல்லாத நாளிலும் கள்ளக்கடல் என்று ஒன்று வரும். எங்கோ தெற்குப் பெருங்கடலில் அடித்த புயலின் நீண்ட அலை, இரண்டு மூன்று நாள் கழித்து இங்கே வந்து கரையேறுவது. முன்கூட்டியே எச்சரிக்கை கொடுப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்க. அங்கே செல்போன் சில சமயம் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை முன்பே அணைத்துவிட்டால் பில் ஏறாது.

திரும்பும்போது பழைய தனுஷ்கோடி இடிபாட்டுப் பக்கம் மீனவர் குடிசைகளுக்கு அருகே ஊற்று இருந்தால் குழந்தைகளுக்குக் காட்டுங்க, வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு. கடல் அலை கூப்பிடு தூரத்தில் இருக்க, மணலில் நாலைந்து அடி தோண்டிய குழியில் நல்ல தண்ணீர் ஊறும். பனை ஓலையோ சிமெண்ட் உறையோ வைத்து மணல் சரியாமல் நிறுத்தியிருப்பார்கள். மணலுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர், உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு என்பதால் அதன்மேல் மிதந்து ஒரு படலமாக நிற்கிறது. குடத்தை முக்காமல் கொட்டாங்குச்சியாலும் கிண்ணத்தாலும் மேலாகச் சேந்துவது அதனால்தான். அவசரப்பட்டு மோட்டார் வைத்து இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறி ஊற்றே கெட்டுவிடும். ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் காணாத நம் ஊர்ப் பிள்ளைகள் இதை ஒரு தடவை குனிந்து பார்க்க வேண்டும்.

மறுநாள் குருசடை. பாம்பனில் குந்துகால் என்ற இடத்திலிருந்து வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகு கிளம்பும். 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்து இறங்கிய கரை அது, நினைவு மண்டபமும் இருக்கிறது. முந்தின நாளே போய், நாளைக்குப் படகு உண்டா, எத்தனை மணிக்கு, குறைந்தது எத்தனை பேர் சேர வேண்டும் என்று கேட்டுவிடுங்க. அடுத்த நாள் முதல் படகிலேயே ஏறுங்க. பத்து மணிக்கு மேல் வெயிலோடு கடல்காத்து எழும்பி மேற்பரப்பு சிலிர்க்கும், படகு ஆடும், அடியில் தெரிவது குறையும்.

1986-ல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா தூத்துக்குடி வரை 21 தீவுகளைக் கொண்டது. அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. தீவுக்கு வேலியாக நின்ற முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்ததுதான் முக்கியக் காரணம். பாறை போனால் அலை நேராக மண்ணைத் தின்னும். இதையும் படகில் சொல்லிக்கொண்டே போங்க. கரையில் யாராவது, வேறு தீவுக்கு நாட்டுப்படகில் ரகசியமாகக் கூட்டிப்போகிறேன், இவ்வளவு கொடுங்க என்றால் போகாதீங்க. அனுமதி இல்லாமல் இறங்கினால் வழக்கு உங்கள் மேலும் வரும், பாதுகாப்புக்கும் யாரும் பொறுப்பில்லை.

பவளப்பாறை என்றதும் சிவப்பும் நீலமுமாக எதிர்பார்த்துப் போய் ஏமாறுகிறவர்கள் அதிகம். இங்கே உயிரோடிருக்கும் பவளம் பெரும்பாலும் தவிட்டு நிறம், அல்லது மங்கிய பச்சை கலந்த பழுப்பு. அதன் உடம்புக்குள் குடியிருந்து தீனி ஆக்கிக் கொடுக்கும் நுண்பாசியின் நிறம் அது. வெள்ளைவெளேரென்று அழகாகத் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். தண்ணீர் சூடு கூடும்போது அந்தப் பாசி வெளியேறிவிடும், பவளம் பட்டினியில் வெளுக்கும். 2010-லும் 2016-லும் இங்கே பெரிய அளவில் அப்படி வெளுத்தது. சூடு சீக்கிரம் குறைந்தால் தேறும், நீடித்தால் செத்து மேலே பாசி படர்ந்துவிடும். மான்கொம்பு மாதிரி கிளைத்தது, மூளை மாதிரி உருண்டையானது, கீரை இலை மாதிரி விரிந்தது என்று மூன்று வடிவத்தைக் குழந்தைகளைத் தேடச் சொல்லுங்க. பவளத்தின் மேல் தடித்த பாசி பாய் விரித்ததுபோலப் படர்ந்திருந்தால் அதையும் கவனியுங்க. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த வெளிநாட்டுப் பாசியான கப்பாபைகஸ், குருசடைப் பவளத்தில் தொற்றிக்கொண்டது. நம் பக்கம் சீமைக்கருவேலம் காட்டைப் பிடித்த அதே கதை.

படகில் இரண்டு விஷயம் தப்பாகப் போகும். ஒன்று குமட்டல். கண்ணாடி வழியாகக் குனிந்தே பார்த்துக்கொண்டிருந்தால் கண் ஒன்று சொல்லும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறு ஒன்று சொல்லும், வயிறு புரட்டும். இரண்டு நிமிஷம் பார்த்தால் ஒரு நிமிஷம் தலையைத் தூக்கித் தொடுவானத்தைப் பாருங்க. படகின் நடுவில் உட்காருங்க. காலையில் பூரி, பொங்கல் வேண்டாம், இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் ஆகாது. மாத்திரை போடும் பழக்கமுள்ளவர்கள் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு பயனில்லை.

இரண்டாவது உயிர்காப்புச் சட்டை. குழந்தைக்குப் பெரியவர் அளவைக் கட்டிவிட்டுச் சரி என்பார்கள். கட்டிய பிறகு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்க. சட்டை காது வரை ஏறினால் அது உதவாது, தண்ணீரில் விழுந்தால் குழந்தை கீழே நழுவிவிடும், சட்டை மட்டும் மிதக்கும். சின்ன அளவு கேளுங்க, இல்லையென்றால் அந்தப் படகில் ஏறாதீங்க. அம்மாவுக்குப் படகுத்துறையிலிருந்து ஏறி இறங்கும் உயர வித்தியாசம்தான் சிரமம். ஆடிக்கொண்டிருக்கும் படகில் கால் வைக்க முழங்கால் ஒத்துழைக்காது என்றால் அவரை விவேகானந்தர் மண்டப நிழலில் இருக்க வைப்பதே நல்லது.

தண்ணீரில் இறங்கும் ஆசைக்கு வடகடல் இருக்கிறது, ஆனால் வாடை ஓய்ந்த நாளில் மட்டும். ஓலைக்குடாப் பக்கம் கரைக்கு அருகிலேயே பவளத்திட்டு உண்டு. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இறங்கக் கூடாது. பழைய கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, காலைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்துத் தேய்த்து நடங்க, மணலில் புதைந்திருக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிவிடும். தூக்கி மிதித்தால் வால் முள்ளால் குத்தும். சொறி என்கிற ஜெல்லி மீன் பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது. இரண்டுமே வெடிக்காமல் மிச்சமிருக்கும் விஷப் பைகளை வெடிக்க வைக்கும். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழையை இடுக்கியால் எடுத்து, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் இருபது நிமிஷம் வையுங்க. மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

ஆமையைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பங்குனி ஆமை ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை ராத்திரியில் இந்தக் கரைகளில் ஏறி முட்டையிடும். ராத்திரி அங்கே நீங்கள் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைக்கும், ஏழெட்டு வாரத்தில் குஞ்சு வெளிவரும். பிப்ரவரி கடைசி, மார்ச்சில் போகிறவர்கள் மண்டபம் வனச்சரக அலுவலகத்தில் மரியாதையாகக் கேட்டால், குஞ்சு விடும் நாளாக இருந்தால் பார்க்க வாய்ப்புண்டு. பார்க்கும்போது செல்போன் வெளிச்சம் அடிக்கக் கூடாது. வெளிச்சமாக இருக்கும் பக்கம்தான் கடல் என்று குஞ்சு நம்பும், உங்கள் பக்கமே திரும்பிவிடும். ஆவுளியா என்கிற கடல் பசுவைக் காட்டுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீங்க. கடல்புல் மேயும் அந்தப் பிராணி வருஷக்கணக்காகக் கடலில் இருப்பவர்கள் கண்ணுக்கே அரிது. ஓங்கில் என்கிற டால்பின் கூட்டம் படகுக்குப் பக்கத்தில் குதித்தால் அதிர்ஷ்டம்.

கடைத்தெருவில் பொதுவாகச் சங்கு, சிப்பி மாலை வாங்கலாம், சட்டம் பாதுகாக்கும் சில வகைகளைத் தவிர. ஆனால் பவளத் துண்டு, காய்ந்த கடல் குதிரை, கடல் அட்டை எதையும் வாங்காதீங்க, கரையில் கிடந்தாலும் எடுக்காதீங்க. இவை 1972 வன உயிரினச் சட்டம் பாதுகாக்கும் உயிரினங்கள். தெரியாமல் பையில் போட்டேன் என்பது எடுபடாது.

சாப்பாட்டுக்குத் தனுஷ்கோடிக் குடிசைக் கடைகளில் வறுத்த மீன் கிடைக்கும். அம்மாவுக்காகப் புளிசாதக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டால் நல்லது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அதுவும் எவர்சில்வர் கேனில். காத்து வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் தாகம் தெரியாது, மதியம் தலைவலி வந்த பிறகுதான் தெரியும். கழிவறை ஊரிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்க. பைனாகுலர், கேமரா கண்ணாடியில் உப்பு படிந்தால் உலர்துணியால் துடைக்காதீங்க, மணல் கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்க.

வீட்டுக்கு வந்த மறுநாளே காரை சர்வீஸ் ஸ்டேஷனுக்கு விட்டு, அடிப்பக்கம், சக்கர வளைவு, பிரேக், சைலன்சர் எல்லாம் நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்க. மேலே மட்டும் கழுவினால் போதாது. உப்புக்காத்து பிடித்த இரும்பு பெருந்துறை வெயிலில் காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, அடுத்த மழைக்கு நனைந்ததும் துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும்.